இல்லத்து ஒளி: அகல்விளக்கு முதல் மின்விளக்கு வரை

ஐப்பசித் திங்கள் அமாவாசையின் வைகறைப் பொழுதில், பாவாபுரியில், பகவான் மகாவீரர் வீடுபேறு எய்தினார். மரபுக் கணக்கின்படி அது கி.மு. 527-ஆம் ஆண்டு. அதே நாளில் அவருடைய முதற் கணதரராகிய கௌதமர் முழுதுணர் ஞானம் பெற்றார் என்பதும் மரபு. கி.பி. 783-இல் ஜினசேனர் இயற்றிய அரிவம்ச புராணம், அந்நாளில் பாவா நகரம் விளக்கு வரிசைகளால் ஒளிர்ந்ததையும், அதுமுதல் ஆண்டுதோறும் மக்கள் விளக்கேற்றி அந்நாளைப் போற்றி வருவதையும் கூறுகிறது. (இந்த ஜினசேனர், ஆதிபுராணம் செய்த ஜினசேனரின் வேறானவர்.) தீபாவளி என்னும் சொல்லுக்கு விளக்குகளின் வரிசை என்பதே பொருள்.

அந்த வரிசையில் இன்று வைக்கப்பெறும் விளக்குகள் ஒரு காலத்தைச் சேர்ந்தவை அல்ல. பாட்டியார் சீராகக் கொண்டுவந்த பித்தளைக் குத்துவிளக்கு ஒருபுறம். பரணிலிருந்து இறக்கப்பெற்ற அரிக்கேன் விளக்கு மற்றொருபுறம். அண்மையில் கடையில் வாங்கிய மின்விளக்குச் சரம் வேறொருபுறம். ஆரணி, வந்தவாசி, போளூர், திண்டிவனம் வட்டாரச் சிற்றூர்களிலிருந்து நகரங்களுக்குக் குடிபெயர்ந்த தமிழ்ச் சமணக் குடும்பங்கள், ஊர்வீட்டைப் பிரிக்கும்போதும் விற்கும்போதும் ஒரு வினாவை எதிர்கொள்கின்றன. இவற்றுள் எதனை வைத்துக்கொள்வது, எதனை விடுவது, புதிதாக எதனை வாங்குவது? விலையும் அழகும் மட்டுமே இவ்வினாவுக்கு விடை ஆகா. விளக்கு வந்த வழியையும், அதனைப் பற்றி அறநூல்கள் வகுத்த வரம்பையும் அறிந்தபின் தேர்வு எளிதாகும்.

மாலைப்பொழுதின் விளக்கு

தமிழ் இலக்கியத்தில் இல்லத்து விளக்கின் பழமையான சித்திரங்களுள் ஒன்று பத்துப்பாட்டில் ஒன்றாகிய நெடுநல்வாடையில் கிடைக்கிறது. மழைமேகம் மூடியதால் பகலும் இரவும் பிரித்தறிய இயலாத நாளில், பெண்கள் பிச்சி அரும்பு மலர்வதைக் கொண்டு மாலை வந்ததை உணர்கின்றனர். இரும்பினால் செய்த விளக்கில் நெய்யில் நனைத்த திரியை ஏற்றுகின்றனர். நெல்லும் மலரும் தூவிக் கைதொழுகின்றனர். இல்லத்து விளக்கென்றால் பித்தளை என்று இன்று கருதப்படினும், அப்பாடல் காட்டும் விளக்கு இரும்பினால் ஆனது.

அதே பாடலில், அரண்மனைக்கு உரிய விளக்கு வேறு வகையினது. யவனர் செய்த பாவை தன் கையில் ஏந்திய அகலில் நெய் வார்த்து, பருத்த திரியிட்டு ஏற்றுகின்றனர். முல்லைப்பாட்டிலும் பாவை விளக்கு இடம்பெறுகிறது. பிற்காலத்தில் தமிழகக் கோயில்களிலும் செல்வர் இல்லங்களிலும் நின்ற பாவை விளக்குகளின் மரபு இத்துணைத் தொன்மையுடையது.

சமணத் துறவியாகிய இளங்கோவடிகள் இயற்றிய சிலப்பதிகாரத்திலும் விளக்குகள் பல. கண்ணகியின் திருமணத்தில் மங்கலப் பொருள் ஏந்தி வந்த மகளிருள் விளக்கு ஏந்தியோரும் இருந்தனர். கனாத்திறம் உரைத்த காதையின் தொடக்கத்தில், புகார் நகரத்து இல்லங்களில் முல்லை மலரை நெல்லோடு தூவி மாலை விளக்குக் காட்டும் வழக்கம் சொல்லப்படுகிறது. நெடுநல்வாடை கூறும் அதே வழக்கம் இது. கடலாடு காதையோ நகரின் விளக்குகளைத் தொழில்வாரியாக அடுக்குகிறது: வண்ணமும் சாந்தும் விற்போர் விளக்கு, கம்மியர் விளக்கு, பிட்டும் அப்பமும் விற்போர் விளக்கு, மீன் விலைஞர் விளக்கு, கலங்களுக்குத் திசை காட்டும் விளக்கு, வேற்றுமொழி பேசும் அயல்நாட்டார் இருப்பிடத்து விளக்கு என அது விரிகிறது. ஒரு விளக்கைக் கண்டு அதனை ஏற்றியவர் இன்னார், அவர் தொழில் இன்னது என்று அறியலாம் என்பது அவ்வடிகளின் உட்பொருள்.

திருமலைப் பாறையில் ஒரு விளக்கு

போளூருக்கு அருகிலுள்ள திருமலை தமிழ்ச் சமணர் அனைவரும் அறிந்த தலம். அங்குள்ள பாறையில் முதலாம் இராசேந்திர சோழனின் 13-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த கல்வெட்டு ஒன்று உள்ளது. கி.பி. 1024-ஐ ஒட்டிய காலத்தது அது. அம்மன்னனின் கங்கைப் படையெடுப்புக்குச் சான்றாக வரலாற்று நூல்களில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் கல்வெட்டு. அதன் பெரும்பகுதி மெய்க்கீர்த்தி: வென்ற நாடுகள், கவர்ந்த பொருள்கள், கடந்த ஆறுகள்.

கல்வெட்டு வெட்டப்பட்ட காரணமோ அந்த வெற்றிகள் அல்ல, ஒரு விளக்கு. பெரும்பாணப்பாடிக் கரைவழி மல்லியூரில் இருந்த வியாபாரி நன்னப்பயனின் மனைவி சாமுண்டப்பை, வைகாவூர்த் திருமலையிலுள்ள ஸ்ரீ குந்தவை ஜினாலயத்திற்கு நந்தா விளக்கு ஒன்றுக்காக 20 காசும், திருவமுதுக்காக 10 காசும் வைத்தாள் என்பதே அதன் செய்தி. மன்னனின் மெய்க்கீர்த்தி, அக்காலக் கல்வெட்டு மரபுப்படி முன்னுரையாக அமைந்தது. கங்கை வரை சென்ற படையைப் பற்றிய சான்று இன்று எஞ்சி நிற்பதற்கு, அருகன் திருமுன் ஒரு சுடர் அணையாது எரியவேண்டும் என்று விரும்பிய வணிகர் குலப் பெண் ஒருத்தியின் கொடையும் காரணம்.

நந்தா விளக்கு என்றால் அணையாத விளக்கு. அதனை நிறுவுவோர் விளக்கை மட்டும் கொடுத்துவிட்டுச் செல்வதில்லை. நாள்தோறும் அது எரிவதற்கு வேண்டிய நெய்க்கும் எண்ணெய்க்கும் வழிவகுத்தனர். சோழர் காலத்தில் பணம் வைப்பது ஒரு வழி. கால்நடை விடுவது மற்றொரு வழி. தஞ்சைப் பெரிய கோயிலில் ஒரு விளக்குக்கு 96 ஆடுகள் அல்லது 48 பசுக்கள் அல்லது 16 எருமைகள் என்று கணக்கு வகுக்கப்பட்டிருந்தது. அவற்றைப் பெற்ற இடையர் நாள்தோறும் உழக்கு நெய் அளக்கவேண்டும். அந்த ஆடுகளைச் 'சாவா மூவாப் பேராடு' எனக் கல்வெட்டுகள் குறிக்கும். இறந்தவற்றையும் மூத்தவற்றையும் கன்றுகளால் ஈடுசெய்து எண்ணிக்கை குறையாமல் காக்கவேண்டும் என்பது அதன் கருத்து.

பழங்காலத்தார் விளக்குக் கொடையைக் கருதிய முறை இதனால் விளங்கும். உலோகத் தண்டும் தட்டும் கொடையின் ஒரு பகுதியே. அது எரிவதற்கான பொறுப்பை ஏற்பது மறுபகுதி. இல்லத்திற்கு விளக்கு வாங்குவோருக்கும் இக்கணக்கு பொருந்தும்.

உலோகமும் உருவமும்

இல்லத்தில் பயன்பட்ட பழைய விளக்குகளை அவை வைக்கப்பெற்ற இடத்தைக் கொண்டு பிரிக்கலாம். சுவரில் அமைந்த மாடத்தில் வைப்பது அகல். மண்ணாலோ கல்லாலோ உலோகத்தாலோ ஆனது. கூடத்திலும் பூசையறையிலும் நிற்பது குத்துவிளக்கு. உத்திரத்திலிருந்து சங்கிலியில் தொங்குவது தூக்கு விளக்கு. இருட்டில் எடுத்துச் செல்வது கைவிளக்கு. எண்ணெய்ச் சேமிப்பு உள்ள தூண்டா விளக்கு அறிவுநுட்பம் மிக்கது. பறவை அல்லது யானை உருவின் உடலுக்குள் எண்ணெய் அடைபட்டிருக்கும். தட்டில் எண்ணெய் குறைந்து துளை வெளிப்பட்டதும் காற்று உட்புக, எண்ணெய் தானே சொட்டும். தட்டு நிரம்பித் துளை மூடியதும் சொட்டுவது நிற்கும். காற்றழுத்தத்தின் இயல்பை உலோகத் தச்சர் நூல் கற்காமலே கையாண்ட இடம் அது.

பித்தளை, செம்பும் துத்தநாகமும் கலந்தது. வெண்கலம், செம்பும் வெள்ளீயமும் கலந்தது. குத்துவிளக்குக்குப் பெயர்பெற்ற ஊர், கும்பகோணத்தை அடுத்த நாச்சியார்கோயில். அவ்வூர் விளக்குக்குப் புவிசார் குறியீடும் வழங்கப்பெற்றுள்ளது. பீடம், தண்டு, எண்ணெய்த் தட்டு, முடி ஆகிய பகுதிகளைத் தனித்தனியே மண் அச்சில் வார்த்து, கடைசல் பிடித்து, அரத்தால் அராவி, மரையால் ஒன்றோடொன்று பொருத்துவர். முடியில் பெரும்பாலும் அன்னப்பறவை அமர்ந்திருக்கும். பாவை விளக்கு போன்ற உருவ விளக்குகளை மெழுகு அச்சில் வார்ப்பது வழக்கம். மெழுகு உருகி வெளியேறிய இடத்தில் உலோகம் புகுவதாலும், வார்ப்பை எடுக்க அச்சை உடைப்பதாலும், அவ்வாறு செய்த இரண்டு விளக்குகள் முற்றிலும் ஒன்றுபோல் இரா.

தொன்மையான விளக்கு என்று சொல்லி விற்கப்படுவன எல்லாம் தொன்மையானவை அல்ல. புதிய பித்தளையை அமிலத்தாலும் புகையாலும் கறுக்கச்செய்து பழையதாகக் காட்டுவது கடைத்தெருவில் உள்ள வழக்கமே. உண்மையான பழமையைச் சில குறிகளால் உணரலாம். நெடுநாள் புழங்கிய விளக்கில் தேய்மானம் ஒரே சீராக இராது. கை பற்றும் தண்டுப் பகுதியும், துடைக்கும் தட்டு விளிம்பும், தரையில் உராயும் பீடத்தின் அடியும் மழுங்கியிருக்கும். வேலைப்பாட்டின் பள்ளங்களில் எண்ணெய்ப் பிசுக்கு இறுகியிருக்கும். எங்கும் ஒரே அளவாகக் கறுத்திருப்பது ஐயத்திற்கு உரியது. கையால் வெட்டிய மரை சற்றே கோணலாக இருக்கும்; ஒரு விளக்கின் தட்டு மற்றொரு விளக்கின் தண்டில் பொருந்தாது. பொறிக்கப்பட்ட பெயரிலுள்ள எழுத்தும் காலம் காட்டும். 1978-இல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைப்படுத்துமுன், ணை, லை, ளை, னை ஆகிய எழுத்துகளில் யானைத் துதிக்கை போன்ற மேல்வளைவு இருந்தது. ணா, றா, னா ஆகியவற்றின் வடிவமும் வேறு. பார்த்திப, விய, சர்வசித்து என்றாற்போன்ற அறுபதாண்டுச் சுழற்சிப் பெயரும் தமிழ் எண்ணும் இருப்பின், குடும்பத்தின் திருமண ஆண்டுகளோடு ஒப்பிட்டு விளக்கின் வயதைத் துணியலாம்.

கண்ணாடிக்குள் புகுந்த சுடர்

பல நூற்றாண்டுகளாக விளக்கின் உருவம் மாறியதேயன்றி, அதன் இயக்கம் மாறவில்லை. திறந்த தட்டு, பஞ்சுத் திரி, நல்லெண்ணெய் அல்லது ஆமணக்கு, இலுப்பை, புன்னை, தேங்காய் ஆகியவற்றின் எண்ணெய் என்பனவே அதன் உறுப்புகள். 1780-களில் ஐரோப்பாவில் அர்கண்ட் என்பவர் உருளைத் திரியையும் கண்ணாடிக் குழாயையும் இணைத்து ஒளியைப் பெருக்கினார். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மண்ணெண்ணெய் பரவியபோது, அக்கண்ணாடிக் குழாயும் உடன் வந்து, தமிழில் 'சிம்னி' ஆயிற்று. அமெரிக்க, உருசிய எண்ணெயும், 1886-இல் தோன்றிய பர்மா எண்ணெய் நிறுவனத்தின் எண்ணெயும் தகரப் பெட்டிகளில் இந்தியத் துறைமுகங்களுக்கு வந்தன.

அரிக்கேன் விளக்கு எளிய அறிவின் அரிய விளைவு. அதன் இருபுறத்துத் தகரக் குழாய்கள் கைப்பிடிச் சட்டங்கள் மட்டுமல்ல. சுடருக்குக் காற்றைக் கொண்டுவரும் வழிகளும் அவையே. வெளிக்காற்று நேராகச் சுடரைத் தாக்காதபடி அவை அமைந்ததால், புயற்காற்றிலும் அணையாது என்னும் பொருளில் அப்பெயர் வந்தது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செர்மானியத்திலிருந்து வந்த பெட்ரோமாக்ஸ், மண்ணெண்ணெயைக் காற்றழுத்தத்தால் ஆவியாக்கி வலைத்திரியில் எரித்தது. வலைத்திரியை 1880-களில் கண்டறிந்தவர் ஆத்திரிய வேதியியலர் அவுர். திருமண ஊர்வலமும் கூத்தும் பல ஊர்களில் இவ்வொளியிலேயே நிகழ்ந்தன.

தமிழ்ச் சமணர் நோக்கில் இக்காலத்து விளக்குக்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு. திறந்த சுடரில் விழுந்து மடிந்த பூச்சிகள், கண்ணாடிக்குள் அடைபட்ட சுடரை நேரே அணுக இயலவில்லை. சுடுகின்ற கண்ணாடியில் மோதி மடிந்தவை உண்டெனினும், எண்ணெயில் மூழ்கியும் சுடரில் கருகியும் மடிவது குறைந்தது. காற்றுக்கு அஞ்சிச் செய்த கண்ணாடி, கொல்லாமைக்கும் துணையாயிற்று.

இவ்விளக்குகளே இன்று பாதிப்பழமைப் பொருள்களாக விற்கப்படுகின்றன. பாட்டனார் காலத்து அரிக்கேன் விளக்கோ, வண்ணக் கண்ணாடித் தொங்கு விளக்கோ இல்லத்தில் இருப்பின் அழகுக்காகவும் நினைவுக்காகவும் வைத்துக்கொள்ளலாம். மண்ணெண்ணெய் ஊற்றி மூடிய அறையில் எரிப்பது மூச்சுக்கும் கண்ணுக்கும் தீங்கு. தீ விபத்துக்கும் வழி. உள்ளே சிறிய மின்விளக்கைப் பொருத்தினால் அதே உருவம் ஒளி தரும். ஆனால் மின்கம்பி செல்வதற்காக உடலில் துளையிடுவது பழம்பொருளின் மதிப்பைக் கெடுக்கும். கண்ணாடியின் மேல்வாய் வழியே கம்பியை இறக்குவதே முறை. பழைய பெட்ரோமாக்ஸ் வலைத்திரிகளில் தோரியம் என்னும் கதிர்வீச்சுப் பொருள் கலந்திருந்தது. எஞ்சிய பழந்திரியை ஏற்றுவதும், அதன் சாம்பலை ஊதுவதும் தவிர்க்கத் தக்கவை.

மின்னொளியும் சிற்றுயிரும்

எடிசனின் மின்குமிழ் 1879-இல் ஒளிர்ந்தது. சென்னையில் 1895-இலேயே மின்சார டிராம் ஓடியது. 1930-களில் பைக்காரா, மேட்டூர் நீர்மின் நிலையங்கள் இயங்கத் தொடங்கின. சிற்றூர்களுக்கு மின்சாரம் பரவலாகச் சென்றது விடுதலைக்குப் பின், 1950-களிலும் 1960-களிலும். மாலையில் சிம்னியைச் சாம்பலால் துடைத்துத் திரி நறுக்கும் வேலை அதனோடு மெல்ல மறைந்தது. நீலநிற ஒளியுமிழ் டயோடைக் கண்டறிந்த, சப்பானில் பிறந்த அறிவியலர் மூவருக்கு 2014-இல் நோபல் பரிசு கிடைத்தது. எல்.இ.டி. என்று வழங்கும் வெண்ணிற விளக்குக்கு அக்கண்டுபிடிப்பே அடிப்படை.

ஒளியின் அளவு எத்துணைப் பெருகிற்று என்பதை ஒரு கணக்கு காட்டும். ஒரு மெழுகுவத்தியின் ஒளி ஏறத்தாழ 12 லுமென். 9 வாட் எல்.இ.டி. குமிழ் ஒன்றின் ஒளி ஏறத்தாழ 800 லுமென். ஒரே விசையைத் தட்டியதும் அறுபதுக்கு மேற்பட்ட மெழுகுவத்திகளின் ஒளி கிடைக்கிறது. இத்துணை ஒளியைக் கண்டு வரும் பூச்சிகளும் மிகுதி. தீபாவளி வரும் ஐப்பசி மழைக்காலம். ஈசலும் பிற சிற்றுயிர்களும் பெருகும் காலம். துறவியர் ஓரிடத்தில் தங்கும் சாதுர்மாச நோன்புக்குக் காரணமும் மழைக்காலத்து உயிர்ப்பெருக்கமே.

பூச்சிகள் ஏன் விளக்கை நாடுகின்றன என்பதற்கு, விட்டிலுக்குச் சுடர்மீது ஆசை என்று கவிஞர் கூறுவர். விரைவுப் படக்கருவிகளைக் கொண்டு செய்யப்பட்டு 2024-இல் வெளியான ஆய்வு ஒன்று வேறு விளக்கம் தருகிறது. பறக்கும் பூச்சி, வானம் ஒளியுடையது என்னும் உள்ளுணர்வால் தன் முதுகை ஒளிப்பக்கம் திருப்பிச் சமநிலை கொள்கிறது. செயற்கை ஒளி பக்கத்தில் நின்றால் அதன் வானம் பிறழ்கிறது. விளக்கையே சுற்றிச் சுற்றித் தளர்கிறது. அங்ஙனமாயின், விட்டில் வீழ்வது அதன் ஆசையால் அன்று. விளக்கு வைத்தவர் அதன் வழியை மறைத்ததால்.

தேர்வுக்குரிய அளவுகோல்

அருகன் அறத்தில் தீயும் ஓருயிர். நிலம், நீர், தீ, காற்று, தாவரம் ஆகியவற்றை உடலாகக் கொண்ட ஓரறிவுயிர்களைக் கூறும் நூல்கள், இல்லறத்தார் அவற்றை அறவே தீண்டாமல் வாழ இயலாது என்பதையும் உணர்ந்தே வரம்பு வகுத்தன. சமந்தபத்திரரின் இரத்தினகரண்டக சிராவகாசாரம், பயனற்ற தீங்கை விலக்கும் அநர்த்த தண்ட விரதத்தைக் கூறுமிடத்து, வீணே நிலத்தைத் தோண்டுதல், வீணே நீரை இறைத்தல் முதலியவற்றோடு வீணே தீ மூட்டுதலையும் குற்றமாகச் சேர்க்கிறது. அந்நூலைத் தழுவித் தமிழில் எழுந்த அருங்கலச்செப்பு இல்லறத்தார் கைக்கொள்ளும் நூல். பூசைக்குரிய எட்டுப் பொருள்களுள் தீபமும் ஒன்று. பயனின்றி எரியும் தீயோ குற்றம். விளக்கைத் தேர்வதற்கான அளவுகோல் இந்த இரண்டுக்கும் இடையில் இருக்கிறது. எதற்காக இவ்வொளி, எத்துணை நேரம், எவ்வளவு தீங்கோடு என்னும் வினாக்களே அந்த அளவுகோல்.

இவ்வளவுகோலின்படி, பூசையறைக்கு ஒரு முகம் அல்லது இரு முகம் ஏற்றத்தக்க சிறிய குத்துவிளக்கே போதும். உயரத்தைவிட அகன்ற பீடமும், ஆழமான தட்டும் முதன்மையானவை. சாயாத விளக்கே நல்ல விளக்கு. சுடரைச் சுற்றிக் கண்ணாடிக் கூண்டு வைத்தால் பூச்சி எண்ணெயில் விழாது. திரி பருத்தியினதாக இருத்தல் நலம்; பட்டு நூல், புழுக்கூட்டை வெந்நீரில் இட்டுப் பெறப்படுவது.

மெழுகுவத்தி வாங்குவோர் அதன் பொருளை வினவவேண்டும். பண்டைய மெழுகுவத்தி விலங்குக் கொழுப்பால் ஆனது. இன்று பெரும்பாலானவை பாரஃபின் எனினும், கெட்டிப்படுத்துவதற்குச் சேர்க்கும் ஸ்டியரின் சிலபோது கொழுப்பிலிருந்து பெறப்படுகிறது. உயர்விலை மெழுகுவத்தி தேன்மெழுகால் ஆனது. பழைய மேசை விளக்குகளின் உறைகளிலும் கவனம் வேண்டும். தோலாலும் பட்டாலும் செய்த உறைகள் உண்டு. தந்தக் கைப்பிடியும் உண்டு. தந்த வணிகம் சட்டத்தால் தடைசெய்யப்பட்டது. துணி, காகிதம், மூங்கில், கண்ணாடி, மண் ஆகியவற்றால் ஆன உறைகள் குற்றமற்றவை.

மின்விளக்கில் நிறமே முதல் தேர்வு. பெட்டியின்மேல் கெல்வின் என்னும் அளவு அச்சிடப்பட்டிருக்கும். 6500 கெல்வின், நீலம் கலந்த வெண்மை. 2700 கெல்வின், மாலைவெயில் போன்ற இளமஞ்சள். நீலமும் புறஊதாவும் மிக்க ஒளியே பூச்சிகளை மிகுதியாக ஈர்க்கும். ஆதலின் வாயில், திண்ணை, மாடி, சமையலறைச் சாளரம் ஆகிய இடங்களில் இளமஞ்சள் ஒளியே தக்கது. வெளிவிளக்குக்கு ஒளியைக் கீழ்நோக்கிச் செலுத்தும் மூடி வேண்டும். இருட்டுமுன் உண்டு முடிக்கும் இல்லத்தில் சமையலறை விளக்கு நெடுநேரம் எரியவேண்டிய தேவையே இல்லை. இரவுண்ணாமை நோன்பு, உணவில் சிற்றுயிர் விழாமல் காப்பதோடு விளக்கின் தேவையையும் குறைத்தது. பழைய மின்விளக்கை வாங்கினால், கம்பியின் உறை வெடித்திருக்கிறதா என்று பார்த்துப் புதுக்கம்பி இடுவிப்பதும், உலோக உடலுக்கு எர்த் இணைப்புக் கொடுப்பதும் இன்றியமையாதவை.

பெயர் பொறித்த விளக்கு

இவை வாங்குவதற்கு உரியவை. விற்பதற்கு முன் எண்ணவேண்டியது மற்றொன்று. பாத்திரக் கடைகளில் பழைய பித்தளையை எடைக்கு எடுத்துக்கொண்டு புதிய பாத்திரம் கொடுப்பர். எடைத்தராசில் ஏறும் குத்துவிளக்கு, அங்கே இத்தனை கிலோ உலோகம் மட்டுமே. உலையில் உருகி வேறொன்றாகும். அதன் பீடத்தில் புள்ளிப்புள்ளியாகப் பொறித்த பெயரும் உடன் உருகும். பல குடும்பங்களில் கொள்ளுப்பாட்டியின் பெயர் எழுதப்பெற்ற ஒரே இடம் அதுவே. நிலப் பத்திரங்களில் ஆண்களின் பெயர்கள் இருக்கும். பெண்ணின் பெயரும் பிறந்த ஊரும் சீர்ப்பாத்திரத்தில்தான் இருக்கும்.

நூறாண்டு கடந்த கலைப்பொருள், 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள்கள் மற்றும் கலைச்செல்வங்கள் சட்டத்தின்படி தொல்பொருள் ஆகும். அதனைத் தனியார் நாட்டுக்கு வெளியே கொண்டுசெல்லுதல் குற்றம். அவ்வகைப் பொருள்களை வாணிகம் செய்ய உரிமம் வேண்டும். அரசு அறிவித்த வகையினவற்றைப் பதிவுசெய்தல் வேண்டும். இயக்கி உருவமோ பாவை உருவமோ அமைந்த பழைய விளக்கு இல்லத்தில் இருப்பின், வந்து விலை கேட்பவரிடம் ஒப்படைக்குமுன் தொல்லியல் துறையினரிடம் காட்டி அறிந்துகொள்வது நன்று. அயல்நாட்டில் வாழும் மகனோ மகளோ ஆசையாகக் கேட்பினும், பெட்டியில் வைத்து அனுப்புமுன் இச்சட்டத்தை நினைவிற்கொள்ளல் வேண்டும்.

வைத்துக்கொள்ளும் விளக்கைப் பேணும் முறையும் எளிதே. புளியும் செங்கற்பொடியும் இட்டுத் தேய்க்குந்தோறும் மேற்பரப்பு சிறிது சிறிதாகக் கரையும். பொறித்த எழுத்து மங்கும். எண்ணெய்ப் பிசுக்கை வெந்நீரிலும் சோப்பிலும் கழுவி, ஈரம் தங்காமல் மெல்லிய துணியால் துடைத்தாலே போதும். பச்சைக் களிம்பு படர்ந்த இடத்தில் மட்டும் புளித்தண்ணீரை மெதுவாகத் தடவி உடனே கழுவிவிடலாம். பெயருள்ள பகுதியைத் தேய்க்காமல் விடுவது நன்று.

உடன்பிறந்தோர் பலராயின் விளக்கு ஒருவர் வீட்டுக்கே செல்லும். பங்கிடுமுன் அதனை நான்கு பக்கமும் நிழற்படம் எடுத்து, உயரமும் எடையும் குறித்து, பொறித்த எழுத்தை அப்படியே படியெடுத்து, யார் யாருக்கு எந்தத் திருமணத்தில் கொடுத்தது என்பதை இல்லத்து முதியோரிடம் கேட்டு எழுதிவைத்தால், உலோகம் ஒருவரிடம் இருப்பினும் வரலாறு அனைவரிடமும் இருக்கும். கேட்டறிவதற்கு முதியோர் இருக்கும்போதே செய்யவேண்டிய பணி இது.

திருமலையில் சாமுண்டப்பை ஏற்றுவித்த விளக்கின் தண்டும் தட்டும் இன்று இல்லை. 20 காசும் செலவாகி ஆயிரம் ஆண்டுகள் ஆயின. அவள் பெயரும், அவள் கணவன் பெயரும், அவர்கள் ஊரும், அவள் எண்ணமும் பாறையில் எழுதப்பெற்றதால் எஞ்சியுள்ளன. வீர நிர்வாண நாளின் வைகறையில் இல்லத்துப் பழைய விளக்கை ஏற்றுவோர், தீபம் அமர்ந்து உலோகம் ஆறியபின் அதன் பீடத்தைத் திருப்பி அங்குள்ள பெயரை ஒருமுறை வாய்விட்டுப் படித்தால், அவ்வில்லத்திலும் ஒரு சாமுண்டப்பை இருந்ததைப் பிள்ளைகள் அறிவர்.